நைட் முடிச்சவ கோல்ல நில்லு!

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் கோல்கீப்பர் நின்றபடியே தூங்கிவிட்டாள்.

மிகைப்படுத்தவில்லை. காலில் பேடு, நெஞ்சில் கார்டு, தலையில் ஹெல்மெட் என்று முழு யுத்த வேஷம். ஸ்டிக்கைத் தரையில் ஊன்றி, அதன்மேல் இரண்டு கைகளையும் அடுக்கி, தலையை லேசாகச் சாய்த்து... ராயக்கோட்டை பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தவர்கள் முகத்தில் மட்டுமே பார்க்க முடிகிற நிம்மதி. ஹெல்மெட் கம்பிக்குப் பின்னால் கண் மூடியிருந்தது யாருக்குத் தெரியும்?

எதிரில் கிருஷ்ணகிரி டீம். சும்மா ஒரு ஃபிரெண்ட்லி ஹாக்கி மேட்ச். அவர்களுடைய ஃபார்வர்டு, கோலுக்கு முன்னால் போட்டிருக்கும் அரைவட்டமான ‘டீ’க்குள் நுழைந்து ஓங்கி அடிக்கப்போய், பந்து ஸ்டிக்கின் ஓரத்தில் பட்டு, தத்தித் தத்தி உருண்டது. ரிட்டயர்டு ஆபீசர் வாக்கிங் கிளம்பியதுபோல் அவசரமே இல்லாமல்.

“மஞ்சுளா!... ஏய் மஞ்சுளா!”

டீமே கத்தியது. பந்து மஞ்சுளாவின் வலது பேடை நலம் விசாரிப்பதுபோல் லேசாகத் தொட்டுவிட்டு, உள்ளே போய்க் கோலின் பின்பலகையில் ‘டொக்’ என்று முட்டியது. அந்தச் சத்தத்தில்தான் விழித்தாள்.

“அய்யோ தேவ்ரே! யாரு அடிச்சா?”

“யாரும் அடிக்கல தாயி. அதுவா நடந்து வந்துச்சு” என்றாள் எங்கள் கேப்டன் இசக்கி.

எல்லோரும் சிரித்தார்கள். எதிர் டீமும் சிரித்தது. நானும்தான். சிரித்துக்கொண்டே திரும்பியபோது, கோட்டுக்கு வெளியே சப்ஸ்டிட்யூட்டாக உட்கார்ந்திருந்த பர்வீனைப் பார்த்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. காலியாகக் கிடந்த கோலையே பார்த்துக்கொண்டிருந்தாள் — யாரோ கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போன வீட்டைப் பார்ப்பதுபோல.

எங்கள் டீமைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே புலம்பியிருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாக. ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள். ஒருத்தி ஒயரிங் லைன், ஒருத்தி போன் உதிரிபாகம், ஒருத்தி ரோஜாப் பண்ணையில் பேக்கிங். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருத்தி, காவேரிப்பட்டினத்திலிருந்து ஒருத்தி, பாகலூரிலிருந்து ஒருத்தி. ஞாயிறு காலையில் ஹாக்கி. நான் ஒரு காலத்தில் காலேஜ் டீமில் லெஃப்ட் ஹாஃப், இப்போது மேனேஜர். மேனேஜர் என்றால் டிக்கி பெரிதாக இருக்கிற கார் வைத்திருப்பவள் என்று பொருள். வேறு தகுதி எதுவும் கேட்கப்படவில்லை.

இந்த டீமில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. நைட் முடிச்சவ கோல்ல நில்லு!

யார் போட்ட சட்டம் என்று நினைவில்லை. ஒருநாள் ஒருத்தி நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து யூனிஃபார்மோடு நேராகக் கிரவுண்டில் இறங்கியிருக்கிறாள். ஓட முடியவில்லை. கால் மரம் மாதிரி. “நீ கோல்ல நில்லு, அங்க ஓட வேணாம்” என்றிருக்கிறார்கள். அவ்வளவுதான். அடுத்த வாரம் வேறொருத்திக்கு நைட், அவள் கோலில். அதற்கடுத்த வாரம் இன்னொருத்தி. ஷிப்ட் சுற்றச் சுற்ற எங்கள் கோல்கீப்பரும் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நான் இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். எவ்வளவு அன்பான டீம் பாருங்கள்... களைத்தவளுக்கு நிற்க ஒரு இடம் கொடுக்கிறது!

யோசித்துப் பாருங்கள். வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, வரிசையில் நிற்பவர்களில் யாருக்கு அதிகமாகத் தூக்கம் வருகிறதோ அவரைப் பிடித்து கேட்டில் போடுவோமா? நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். மிகுந்த பாசத்தோடு.

அன்றைக்கு மேட்ச் முடிந்து சாமான்களை டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள் பர்வீன். கொடுத்தாள் என்றா சொன்னேன்? நீட்டினாள்; நான் பிடித்த பிறகும் விடவில்லை.

“அக்கா, கோல எனக்குக் குடுத்துடுங்க.”

“ஏன், அடுத்த வாரம் உனக்கு நைட்டா?”

“நைட்டு இல்லக்கா. ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு. அதுக்கு அடுத்து செகண்டு. எந்த ஷிப்ட்டா இருந்தாலும் நான்தான் நிப்பேன். வேற யாரையும் போடக் கூடாது.”

“எத்தனை வாரத்துக்கு?”

“ஒரு வருஷத்துக்கு.”

இந்த ஊரில் ‘ஒரு வருஷம்’ என்ற சொல்லை நான் கேட்டு ரொம்ப நாளாகிறது. இங்கே எல்லாமே மாதக்கணக்கு, வாரக்கணக்கு. ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் லாரிகள் நிற்கிற நேரம்கூட மனிதர்கள் இங்கே நிற்பதில்லை. பனி விலகுவதற்குள் ஒரு ஷிப்ட் இறங்கும், ஒரு ஷிப்ட் ஏறும். பழகிய முகம் அடுத்த மாதம் வேறு ஐடி கார்டோடு வேறு பஸ்ஸில் போகும். இதில் ஒரு வருஷமாவது, ஒரே இடமாவது!

தவிர — மன்னிக்கவும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — பர்வீன் ஒன்றும் எங்கள் சிறந்த ஆட்டக்காரி இல்லை. உயரம் கம்மி. குரல் அதைவிடக் கம்மி. எந்தப் பொசிஷனில் ஆள் குறைகிறதோ அங்கே பத்து நிமிஷம் இறக்கிவிட்டுக் கூப்பிட்டுக்கொள்வோம்.

“ஏன் பர்வீன், ஃபார்வர்டு கேட்டிருந்தாலாவது புரியும். எல்லாரும் வேண்டாம்னு ஓடற இடத்தைக் கேக்கறியே?”

அவள் ஹெல்மெட்டின் வாரைத் திருகியபடி சொன்னாள்.

“கம்பெனில எனக்குன்னு ஒரு மிஷினு கெடையாதுக்கா. எந்த லைன்ல ஆள் வரலியோ அங்க அனுப்புவாங்க. ஹாஸ்டல்ல எனக்குன்னு ஒரு கட்டிலு கெடையாது. ஷிப்ட்டு மாறுனா கட்டிலும் மாறும், நான் எந்திரிச்ச சூட்டுலயே இன்னொருத்தி வந்து படுப்பா. இங்க வந்தாலும் ஆள் கொறஞ்ச எடத்துலதான் என்னை வுடறீங்க. எனக்குன்னு ஒரே ஒரு எடம் வேணும்க்கா. அது கடைசி எடமா இருந்தாலும் பரவால்ல.”

நான் ஹெல்மெட்டை வாங்கிக்கொள்ளவில்லை. “நீயே வச்சுக்கோ” என்றேன். அவள் அதைத் துப்பட்டாவில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனாள். சந்தையில் வாங்கிய பூசணிக்காய்போல.

சொல்லிவிட்டேனே தவிர, விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. டீக்கடையில் டீமைக் கூட்டினேன். இசக்கிக்கு முகம் கடுகடு. கிருஷ்ணகிரியில் டோர்னமென்ட் வருகிறது. அவளுக்கு அதுதான் கண்.

“என்னக்கா சொல்லுதீங்க? டோர்னமென்ட வச்சிக்கிட்டு பர்வீன நிறுத்தணுமா? அத்திப்பள்ளிக்காரிக்கு ஒரு போன போடுங்க. சொந்த கிட்டோட வந்து எறங்குவா. கப்ப அடிச்சிட்டுப் போயிருவோம்.”

அத்திப்பள்ளிக்காரி என்பது கர்நாடக பார்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கோல்கீப்பர். நல்ல உயரம். நல்ல பெண்ணும்கூட. யார் கூப்பிட்டாலும் வருவாள். கெஸ்ட் கீப்பர் என்று ஒரு மரியாதையான பெயர் வைத்திருக்கிறோம். போன வருஷம் எங்களுக்காக நின்றாள், செமி ஃபைனல் வரை போனோம். பிறகு என்ன ஆயிற்று?

“இசக்கி, அதுக்கு அடுத்த டோர்னமென்ட்டுல அவ எந்த டீம்ல நின்னா?”

இசக்கி கிளாஸைச் சுழற்றினாள்.

“நமக்கு எதிரா நின்னா” என்றாள் மஞ்சுளா, பன்னை டீயில் நனைத்தபடி. “இசக்கி அடிச்சது ஒண்ணுகூட உள்ளே போகலே. ரைட் சைடுதான் அடிப்பான்னு அவளுக்கு நல்லா தெரியும். நம்மகிட்ட பிராக்டீஸ் பண்ணப்போ பார்த்தாளே!”

“நீ வாய மூடு. கோல்ல ஒறங்குனவ.”

“நான் தூங்கினேன், ஒரு கோல் போச்சு. நீ முழிச்சிட்டு இருந்தே, ஒரு கோலும் போடலியே?”

டீக்கடைக்காரரே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் ஸ்ட்ரைக்கரின் ரகசியங்களை எல்லாம் ஞாயிறு ஞாயிறாகச் சொல்லிக்கொடுத்து, எதிராளிக்கு ஒரு கோல்கீப்பரை நாங்களே தயார் செய்து அனுப்பியிருக்கிறோம்!

அதைவிடக் கசப்பான இன்னொன்றும் உறைத்தது. எங்கள் பெண்கள் எதைப் பற்றித் தினமும் புலம்புகிறார்கள்? கான்ட்ராக்ட். எடுப்பார்கள், ஏழெட்டு மாதம் வைத்துக்கொள்வார்கள், ‘பிரேக்’ என்பார்கள், வேறு ஆளை எடுப்பார்கள். ‘எங்களை ஆளாவே மதிக்க மாட்டேங்கறாங்கக்கா’ என்று என் கார் பின்சீட்டில் உட்கார்ந்து எத்தனை பேர் குமுறியிருக்கிறார்கள். அதே பெண்கள், அதே நான், எங்கள் கோலை எப்படி நடத்திவந்தோம்? பெரிய மேட்ச் என்றால் வெளியிலிருந்து கான்ட்ராக்ட். சின்ன மேட்ச் என்றால் நைட் முடித்தவள். கம்பெனி எங்களுக்குச் செய்வதை நாங்கள் கோலுக்குச் செய்துகொண்டிருந்தோம்.

“அத்திப்பள்ளிக்கு போன் போடப் போறதில்லை” என்றேன். “ஒரு வருஷம் பர்வீன். எத்தனை கோல் போனாலும் சரி.”

“தோத்தா யார் பொறுப்பு?” என்றாள் இசக்கி.

“நான்.”

“பொறுப்புன்னா என்னக்கா பண்ணுவீங்க?”

“அடுத்த வாரமும் அவளையே நிறுத்துவேன்.”

இசக்கி எழுந்து போய்விட்டாள். ஆனால் அன்று என்னை உண்மையிலேயே திணறடித்தது அவள் இல்லை, மஞ்சுளா.

“அப்போ நைட் முடிச்சிட்டு வந்தா நான் எங்கக்கா நிக்கறது?”

“நிக்காதே. வீட்டுல போய்த் தூங்கு.”

“தூங்கறதுக்கு வீட்டுக்குப் போகத் தெரியாதா எனக்கு? பாகலூர் பஸ் கம்பெனி கேட்டு வாசல்லயே நிக்குது. அதை விட்டுட்டு இங்கே வர்றேன்னா உங்ககூட இருக்கலாம்னுதானே வர்றேன். ஓட முடியாது, ஆனா கூட நிக்கலாமில்ல... அதையும் எடுத்துட்டீங்கன்னா?”

பாருங்கள், ஒரு தப்பைத் திருத்தப்போனால் அதற்குள் ஒரு நல்லது குடியிருக்கிறது. சட்டம் முட்டாள்தனமானதுதான். ஆனால் அது பொய்யில்லை. களைத்தவளை வெளியே துரத்தாமல் உள்ளேயே வைத்துக்கொள்ள எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

வேறு வழி யோசித்தோம். கடைசியில் மஞ்சுளாவே சொன்னாள், முதல் பாதி தூங்குகிறேன், இரண்டாம் பாதி எழுப்பிவிடுங்கள், பத்து நிமிஷமாவது பேக் ஆடுகிறேன் என்று. அன்றிலிருந்து டிக்கியில் ஒரு கோரைப்பாயும் சேர்ந்துகொண்டது. புங்கமரத்தடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் ஆட்டக்காரியைக் காட்டி, எதிர் டீம் மேனேஜர் ஒருவர் பதறிப்போய்க் கேட்டார்: “மேடம், அந்தப் பொண்ணுக்கு அடி பட்டுடுச்சா?”

“இல்ல சார். வார்ம்-அப் பண்றா.”

பர்வீன் கதைக்கு வருகிறேன். முதல் ஞாயிறு எத்தனை கோல் விட்டாள்? எண்ணவில்லை என்று சொன்னால் அது கருணை. பேடு அவளுக்குத் தொடை வரை ஏறியது. நடந்தால் வாத்து. பந்து வரும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அதுதான் பெரிய சிக்கல். காலும் கையும் சரியாகத்தான் போகும். ஆனால் எங்கே போகிறோம் என்று அவற்றுக்கே தெரியாது.

இசக்கி கோபத்தைப் பந்தில் வைத்து அடித்தாள். மண் கிரவுண்டில் பந்து சீறிக்கொண்டு போகும் சத்தத்தில் நானே ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

“ஏட்டி! ஆதார் போட்டோவுக்கா நிக்க? கண்ணத் தொற!”

“தொறந்துதான் இருக்குது!” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சின்னக் குரல்.

“எங்க தொறந்திருக்கு? கோல் போஸ்ட்டுக்கு ஊடால அதுதான் தொறந்து கெடக்கு!”

அடுத்த வாரம் அதே கதை. அதற்கடுத்த வாரம் கொஞ்சம் குறைந்த அதே கதை. நான் கோட்டுக்கு வெளியே நின்று நகம் கடித்தேன். ஒரு வருஷம் என்று வாய் விட்டுவிட்டோமே என்று மனசுக்குள் ஒரு முணுமுணுப்பு. இருந்தாலும் ஒரு விஷயத்தை மட்டும் கவனித்தேன். கோல் விழுந்ததும் முன்பெல்லாம் எங்கள் கீப்பர்கள் என்ன செய்வார்கள்? தோளைக் குலுக்குவார்கள். நானா கீப்பர், இந்த வாரம் நின்றேன், அவ்வளவுதானே. பர்வீன் அப்படிச் செய்யவில்லை. திரும்பி, பந்து முட்டிய பலகையைப் பார்ப்பாள். அங்கிருந்து அடித்தவள் நின்ற இடத்தைப் பார்ப்பாள். மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்வாள். பிறகு பந்தை எடுத்து வீசுவாள்.

அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக எங்கள் வலைக்குள் எவ்வளவு கோல் விழுந்திருக்கும்! அத்தனையும் வீண். ஒவ்வொரு கோலும் ஒவ்வொருத்திமேல் விழுந்தால் அது வெறும் தோல்வி. எல்லாக் கோலும் ஒருத்திமேலேயே விழுந்தால்... அது படிப்பு. அந்தப் படிப்பை நாங்கள் இத்தனை பேருக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்ததில் ஒருத்திகூடப் பாஸாகவில்லை.

கோல்கீப்பரை வாங்க முடியாது. வாங்கினால் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். விளைவிக்கத்தான் வேண்டும். விளைச்சலுக்கு முன்னால் நிலம் சில காலம் தரிசு மாதிரித்தான் தெரியும். அந்தச் சில காலம் பொறுக்காமல்தானே நாம் எல்லாவற்றையும் — டீமை, ஆபீசை, சில சமயம் வீட்டையும் — ஆள் மாற்றி ஆள் மாற்றியே ஓட்டுகிறோம்?

இன்னொரு அதிசயமும் நடந்தது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஒரு ஞாயிறு, இசக்கி வழக்கம்போல வலது மூலைக்கு அடித்தாள். பர்வீன் அங்கே முன்கூட்டியே போய் நின்றிருந்தாள். பந்து அவள் பாதத்தில் மாட்டியிருந்த கிக்கரில் பட்டுத் திரும்பியது. தற்செயல் என்று நினைத்தோம். மறுபடி அடித்தாள். மறுபடி அங்கே பேடு. மூன்றாவது முறை பந்து திரும்பியபோது, பர்வீன் கண்ணைத் திறந்துகொண்டுதான் நின்றாள். ஹெல்மெட் கம்பிக்குள் அவை பளபளவென்று தெரிந்தன.

“என்னட்டி, வழிய மறிச்சிட்டு நிக்க?”

“வேற வழி பாத்துக்கோ” என்றாள் பர்வீன்.

இசக்கிக்கு வந்ததே கோபம்! அன்று முழுக்க இடது மூலைக்கு அடித்துப் பழகினாள். அடுத்த வாரமும். சனிக்கிழமை ஷிப்ட் முடித்துவிட்டுத் தனியாக வந்துகூட அடித்தாளாம். அத்தனை வருஷம் ஒரே வழியில் போய்க்கொண்டிருந்த ஸ்ட்ரைக்கரை, அரைகுறைக் கீப்பர் ஒருத்தி அடுத்த தெருவுக்குத் துரத்திவிட்டாள்.

டோர்னமென்ட் வந்தது. கிருஷ்ணகிரி மலையின் நிழல் கிரவுண்டை விட்டு நகரும் நேரத்தில் எங்கள் முதல் மேட்ச். எதிர் டீமின் கோலில் யார்? நீங்களே யூகித்திருப்பீர்கள். அத்திப்பள்ளிக்காரிதான். அவர்கள் போன் போட்டிருக்கிறார்கள்.

தூரத்திலிருந்தே கையாட்டினாள். “என்ன இசக்கி, சௌக்கியமா? இன்னும் ரைட் சைடுதானா?”

இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள்.

முதல் பாதியில் எங்களுக்கு இரண்டு கோல் விழுந்தது. இரண்டும் பர்வீன் தப்பு. ஒன்று காலிடுக்கில் நுழைந்தது. இன்னொன்றுக்கு அவசரப்பட்டு முன்னால் ஓடி வந்தாள். எதிர் ஃபார்வர்டு நிதானமாகச் சுற்றிக்கொண்டு போய்க் காலி வலையில் தள்ளினாள். கேலரியில் யாரோ, “சின்னப் பாப்பாவ நிக்க வச்சிட்டாங்கப்பா!” என்றார்கள். எனக்கே கேட்டது என்றால் அவளுக்குக் கேட்டிருக்காதா?

இடைவேளை. மஞ்சுளாவுக்கு அன்று நைட் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்தாள். நல்ல உயரம் வேறு. முழித்திருந்தால் பர்வீனைவிட அவளே நன்றாக நிற்பாள் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோர் கண்ணும் அவள்மேல் ஒரு முறை போய்த் திரும்பியது. இசக்கி மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா... செகண்ட் ஹாஃப் மட்டும். தோத்தா வெளிய. அதான் சொல்லுதேன்.”

கோபத்தில் சொல்லவில்லை. கேப்டனாகச் சொன்னாள். நியாயமாகத்தான் சொன்னாள். அதுதான் கஷ்டம். அநியாயமாகக் கேட்டால் மறுப்பது எவ்வளவு சுலபம்!

நான் வாய் திறப்பதற்குள் பர்வீன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டாள். முகமெல்லாம் வியர்வை, மண். என்னிடம் நீட்டினாள். இந்த முறை அவள் பிடியில் பலமே இல்லை.

“எடுத்துக்குங்கக்கா. எல்லாரும் ஆசப்பட்டு வந்திருக்காங்க. என்னால தோக்க வேணாம்.”

கை நீட்டினால் போதும். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். அவளே கொடுக்கிறாள். மேட்சும் ஒருவேளை கிடைக்கும். ஆனால் அடுத்த ஞாயிறு? அதற்கடுத்த ஞாயிறு? அவள் மறுபடி கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, எங்கே ஆள் குறைகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பத்து நிமிஷம் இறங்குவாள். கூப்பிட்டால் வந்துவிடுவாள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடியது என்றால், அதற்குப் பெயர் இடமா?

“போடு” என்றேன்.

“அக்கா...”

“நான் ஒரு வருஷம்னு சொன்னேன். ஒரு பாதின்னு சொல்லல. போடு.”

அவள் அசையாமல் நின்றாள். மஞ்சுளாதான் அந்த ஹெல்மெட்டைப் பிடுங்கி, அவள் தலையில் கவிழ்த்து, வாரை இழுத்து மாட்டினாள். “போம்மா. உன் இடத்துல நிக்க எனக்கு ஆசை இல்லே. உன் முன்னாடி நிக்கறேன், வா.”

இரண்டாம் பாதியில் ஒரு குரல் கேட்க ஆரம்பித்தது. முதலில் யாருடையது என்றே தெரியவில்லை.

“மஞ்சு லெஃப்ட்டு! லெஃப்ட்டு பாரு!... வுடு, எனக்கு வுடு!”

பர்வீன். அந்தச் சின்னக் குரல், கம்பிக்குள்ளிருந்து, கிரவுண்டின் அந்தக் கோடி வரை போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஒரு பெனால்டி கார்னர். பந்து வெளியே தள்ளப்பட்டு, நின்று, ஓங்கி அடிபட்டு எங்கள் கோலைப் பார்க்கத் திரும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆமாம், நான்தான். ‘தட்’ என்ற சத்தம். பலகைச் சத்தம் இல்லை; பேடு சத்தம். கண்ணைத் திறந்தபோது பர்வீன் தரையில் கிடந்தாள், பந்து கோட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. கேலரி கைதட்டியது. பாப்பா என்றவர்களும்தான்.

கொஞ்ச நேரத்தில் இசக்கி டீக்குள் நுழைந்தாள். அத்திப்பள்ளிக்காரி தயாராக வலது மூலைக்குச் சாய்ந்தாள். இசக்கி இடது மூலைக்கு அடித்தாள்.

கோல்!

அத்திப்பள்ளிக்காரி பந்தைப் பார்த்தாள். இசக்கியைப் பார்த்தாள். “இதை எப்போ கத்துக்கிட்டே?” என்று நிஜமாகவே கேட்டாள். இசக்கி திரும்பி, தூரத்தில், எங்கள் கோலில் நின்றுகொண்டிருந்த குள்ளமான உருவத்தைக் கை காட்டினாள். அவ்வளவுதான்.

அதற்கு மேல் எதுவும் விழவில்லை. எங்களுக்கும், அவர்களுக்கும். தோற்றோம். முதல் மேட்சிலேயே வெளியே. கடைசி நிமிஷத்தில் வெற்றி என்று எழுதினால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும். ஆனால் தோற்றோம்.

ஓசூர் பஸ்ஸுக்காக நின்றபோது இசக்கி பர்வீன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முழங்கையில் உரிந்திருந்த தோலைப் பார்த்தாள். “நாளைக்கு லைன்ல நிக்க முடியுமா?” என்றாள். “முடியும்” என்றாள் பர்வீன். “அப்ப ஞாயித்துக்கிழமையும் முடியும். எடது சைடுதான் அடிப்பேன், பாத்துக்க” என்றாள் இசக்கி. சமாதானம் இப்படித்தான் வரும் போலிருக்கிறது.

என் கார் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள் பர்வீன்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டா?”

“இன்னொரு வருஷமா?”

“இல்லக்கா. எனக்கு ஒரு ரெண்டாவது கீப்பர் வேணும்.”

தூக்கிவாரிப்போட்டது. “ஏன், எங்கேயாவது போறியா?”

“எங்கயும் போவல. ஆனா கம்பெனில என்னை எப்ப நிறுத்துவாங்கன்னு எனக்கே தெரியாது. காய்ச்ச வரும். ஊர்ல எதுனா ஆவும். அன்னிக்கு மறுபடி நைட் முடிச்சவள நிக்க வச்சிருவீங்க... முன்னெல்லாம் எனக்கு எடம் இல்லியேன்னுதான் இருந்துச்சு. இப்ப என் எடம் காலியா கெடக்கக் கூடாதேன்னு இருக்குதுக்கா. மஞ்சுளாவுக்கு நான் சொல்லிக் குடுக்கறேன். அவ ஒத்துக்கிட்டா.”

“என்கிட்டயே கேக்காம முடிவு பண்ணிட்டீங்களா?”

“அதான் இப்ப சொல்றனே. ஆனா அவ வளத்திக்கு இந்த பேடு பத்தாது. வேற ஒண்ணு பாருங்க. நீங்கதான மேனேஜரு?”

பஸ் வந்துவிட்டது. பதிலுக்குக் காத்திருக்கவில்லை, ஏறிவிட்டாள். கேட்டது வேண்டுகோள் இல்லை என்பது பஸ் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. உத்தரவு. நான் இப்போது பேடு தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கும் வரை தேடுவேன்.

நீண்ட காலத் திட்டம், தொலைநோக்கு என்றெல்லாம் மீட்டிங் போட்டுப் பேசுகிறார்களே... தன் இடத்தில் தனக்குப் பிறகு யார் நிற்பார்கள் என்று கவலைப்படும் ஒரே ஒருத்தி போதும்!